விலகல் படிவம்

பங்கேற்பாளர் 017.
பெயரை நான் எழுதக் கூடாது.
வெய்க்கோ என்று அவரே சொன்னார்
ஓவர்கோட்டைக் கழற்றும் முன்பே.
சட்பரி, பிப்ரவரி, மைனஸ் இருபத்தேழு.
நிக்கல் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருடம்
பாறை துளைத்தவர்.
பாறை அங்கேயே நின்றுவிட்டது.
துளைக்கும் சத்தம் மட்டும்
கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

படிவம் கேட்கிறது:
உங்கள் காதில் ஒலிப்பது
மணியா, சீறலா, ரீங்காரமா, அலை இரைச்சலா?
ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.
"ஃப்ரிட்ஜ் என்று போட இடமில்லையா?
பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ்.
அந்த வீட்டில் யாரும் இல்லை."
மற்றவை என்ற கட்டத்தில்
அதை அப்படியே எழுதினேன்.

பிறகு சத்தம் தேடும் வேலை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நானும் ஒரு திருகும்.
நாலாயிரம் ஹெர்ட்ஸ். இதுவா?
இல்லை.
ஐயாயிரம்.
இன்னும் மெல்லிசு.
ஆறாயிரத்து இருநூறு.
தாண்டிவிட்டாய், திரும்பி வா.
அடுத்தவர் முதுகைச் சொறிந்துவிடுவது போல:
மேலே, கொஞ்சம் இடது, அங்கே இல்லை.
ஐயாயிரத்து எண்ணூற்றைம்பதில்
கையைத் தூக்கினார்.
தூக்கிய கை இறங்கவே இல்லை.

என் ஹெட்ஃபோனிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது.
எவர்சில்வர் டம்ளரின் விளிம்பில்
யாரோ விரலை ஓட்டி
எடுக்க மறந்தது போல.
"உனக்கும் கேட்கிறதா?"
கேட்கிறது என்றேன்.
நெறிமுறைத் தாளில் அந்த வாக்கியம் இல்லை.

பன்னிரண்டு வாரத்துக்குக் கருவி கொடுத்தோம்.
பாதிப் பேருடையதில் சிகிச்சை இருக்கும்,
பாதிப் பேருடையதில் வெறும் பச்சை விளக்கு.
எவருக்கு எது என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
டொரொண்டோவில் ஒரு புள்ளியியலாளர்
காதும் காதும் வைத்தாற்போல் வைத்திருக்கிறார்.
என் கணவனிடம் இதை விளக்கியபோது
"அப்போ பாதிப் பேர் காதில் பூ" என்றான்.
பூவைப் பற்றி
சம்மதப் படிவம் ஏழாம் பக்கத்தில்
தெளிவாகவே எழுதியிருக்கிறோம் என்றேன்.

தொடக்கத்தில் அறுபத்தெட்டு.
எட்டாம் வாரம் நாற்பத்து நான்கு.
பன்னிரண்டாம் வாரம் இருபத்தொன்பது.
முகத்தில் எதையும் காட்டாமல் மதிப்பெண் கூட்ட
எனக்குப் பயிற்சி உண்டு.
அன்றைக்கு என் முகம் என்ன செய்தது என்று
தெரியவில்லை.

ஆகஸ்டில் ரகசியம் பிரித்தார்கள்.
017: போலிக் கருவி.
டாக்டர் ஃபோர்ஜே வரைபடத்தில்
தனியாகக் கிடந்த புள்ளியைப் பென்சிலால் தட்டி
"இந்த ஆள் சராசரியைக் கெடுக்கிறார்" என்றார்.
கெடுத்தது நானாக இருக்கலாம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஐம்பத்தாறு பேருக்கும்
அதே திருகைத்தான் திருகினேன்.
எல்லோரிடமும் கேட்கிறது என்று சொன்னேனா?
நினைவில்லை.

தகவல் சொல்லக் கூப்பிட்டேன்.
"பச்சை விளக்கு மட்டும்தானா?"
மட்டும்தான்.
சிரித்தாரா, இருமினாரா.
பிறகு,
"அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போட முடியுமா?
எனக்கில்லை. ஹில்க்காவுக்கு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள்.
ஹெட்ஃபோன் அந்த அம்மாளின் தலைக்குப் பெரிது,
ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.
ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது.
பத்து நொடி. நாற்பது.
கழற்றிவிட்டு
கணவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்:
"ராத்திரியெல்லாம் ரேடியோவை
ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து ஓடவிடுவார்.
நான் தலையணையை எடுத்துக்கொண்டு
ஹாலுக்குப் போய்விடுவேன்.
இருபது வருஷம்."
மறுபடி மாட்டிக்கொண்டார்.
போதுமா என்று நான் சைகை காட்டியபோது
இன்னும் கொஞ்சம் என்றது விரல்.
வெய்க்கோ ஜன்னல் பக்கம் நின்று
தொப்பியை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பின் விலகல் படிவம் எழுதினேன்.
ஆய்வில் சேராத நபருக்கு ஒலி வழங்கப்பட்டது.
கால அளவு, பதினோரு நிமிடம்.
காரணம் எழுதும் கட்டம் மிகச் சிறியது.
கேட்டார்கள்
என்று ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அனுமதி கேட்டதையா, ஒலி கேட்டதையா என்று
இதுவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.